அடைபட்டோர் எழுத்தும் வாசகர் கோரும் நம்பிக்கையும்

துன்பத்திற் பிறந்த எழுத்து வாசகனுக்கு நம்பிக்கை ஊட்டுதல் வேண்டும் என்பது எம்மிடையே ஆராயப்படாமலே நிலைபெற்றுவிட்ட ஒரு கோட்பாடு. மரபுவாதிகள் அதனை மங்கல முடிவு என்பர். முற்போக்காளர் நாளைய விடியல் என்பர். சொல் வேறாயினும் கேட்பது ஒன்றே. எழுதுபவர் இளைஞராக இருந்துவிட்டால் இக்கோரிக்கை மேலும் வலுப்பெறுகின்றது. முதியவன் சலித்துக்கொண்டால் அதனை அனுபவம் என்று பொறுத்துக்கொள்ளும் நாம், பதினைந்து வயதினன் சலித்துக்கொண்டால் திருத்தப் புறப்பட்டுவிடுகின்றோம்.

இத்தவறை நாமும் செய்தோம். கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச் 13 முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டமும் வந்தது. மாதங்கள் சில கழிந்து வகுப்புக்கள் மீளத் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு நாம் கொடுத்த முதற் கட்டுரைத் தலைப்பு 'தனிமையில் மலர்ந்த நம்பிக்கை' என்பது. வந்த கட்டுரைகளிற் பெரும்பாலானவை தலைப்பு எதிர்பார்த்ததைத் தந்தன: வீட்டுத் தோட்டம், சித்திரம், குருவிகளின் ஒலி, குடும்பத்தின் ஒற்றுமை. ஒரு மாணவி மாத்திரம் தந்தைக்குக் கூலி கிடைக்காத நாட்களைத் திகதியிட்டு வரிசைப்படுத்தி, அவ்வந்நாளில் வீட்டிற் சமைத்ததை எதிரே எழுதியிருந்தாள். சில திகதிகளுக்கு எதிரே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் அடியில் நாம் சிவப்பு மையால் எழுதிய குறிப்பு: 'தலைப்பை விட்டு விலகியுள்ளது. முடிவு நம்பிக்கை தருவதாக இல்லை.'

அக்காலத்திலேயே, வீட்டுக்குள் இருந்து எழுதும் இளைஞருக்கு முன்மாதிரியாக ஆன் பிராங்கின் நாட்குறிப்பு பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. இவ்வொப்பீடு பொருந்தாது. நோயினின்றும் காப்பதற்காக ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்வதும், ஓர் இனத்தை அழிப்பதற்காக அதனை அடைத்துவைப்பதும் ஒன்றல்ல. எனினும் அவ்வொப்பீட்டின் தூண்டுதலால் நாம் அந்நூலை மீண்டும் படித்தோம். அதனோடு அதே காலத்து வேறு இரு எழுத்துத் தொகுதிகளையும் படித்தோம். அடைபட்ட இளைஞரிடம் வாசகர் கோரும் நம்பிக்கையும் அவர்கள் எழுத்தில் உள்ள நம்பிக்கையும் வெவ்வேறானவை என்பது அப்போதுதான் புலனாயிற்று.

ஆன் பிராங்கின் கதை யாவரும் அறிந்ததே. 1942 ஜூன் 12இல், பதின்மூன்றாவது பிறந்தநாளன்று, பரிசாகக் கிடைத்த கொப்பியில் எழுதத் தொடங்கினாள். அவ்வாண்டு ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை அம்ஸ்டர்டாம் நகரின் கால்வாய்க் கரையிலிருந்த வணிகக் கட்டடமொன்றின் பின்பகுதியில் அவளது குடும்பத்தினரும் பிறருமாக எண்மர் ஒளிந்து வாழ்ந்தனர். பிடிபட்ட பின் பெர்கன்-பெல்சன் முகாமில் 1945இன் தொடக்கத்தில் அவள் இறந்தாள். எண்மருள் உயிர்தப்பிய ஒருவரான தந்தை 1947இல் நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார்.

இந்நூலைப் படியாதவர்கூட அறிந்த வாக்கியம் ஒன்றுண்டு: மனிதரின் உள்ளார்ந்த நல்லியல்பில் அவளுக்கிருந்த பற்றை உரைக்கும் வாக்கியம். அது 1944 ஜூலை 15ஆந் திகதிக் குறிப்பில் வருவது. அதே பகுதியில், உலகம் மெல்ல மெல்லப் பாழ்நிலமாகி வருவதையும், தம்மையும் அழிக்கவல்ல இடியோசை நெருங்குவதையும் அவள் பேசுகின்றாள். அதற்குச் சில வாரங்களின் முன்னர், மே 3இல், போருக்குப் பொறுப்பாளிகள் அரசியல்வாதிகளும் முதலாளிகளும் மாத்திரமல்லர், சாதாரண மனிதனும் அதிற் குற்றவாளியே என்று எழுதியவளும் அவளே. எம் போன்றோருக்குச் சங்கடந் தரும் கூற்று அது. ஆதலாற்போலும் எமது மேடைகளிலும் அது எடுத்தாளப்படுவதில்லை. 1955இல் அமெரிக்காவில் அரங்கேறிய நாடகம், இடியோசையை ஒதுக்கிவிட்டு அந்த நல்லியல்பு வாக்கியத்தையே இறுதியில் ஒலிக்கச் செய்தது. அடுத்த ஆண்டு அந்நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்து ஆண்டுகளின் முன் நடந்த கொலைகளை நினைத்து அஞ்சிய பார்வையாளர், அக்கொலைக்கு இரையான சிறுமியின் வாயினாலேயே மன்னிப்புப் பெற்று வீடு திரும்பினர்.

ஆயின் அவளது எழுத்தில் நம்பிக்கையே இல்லையா? உண்டு. அது இருக்கும் இடம் வேறு. 1944 மார்ச் 28இல், இலண்டனிலிருந்து இயங்கிய ஒல்லாந்து அரசின் கல்வி அமைச்சர் பொல்கஸ்டைன் வானொலியிற் பேசும்போது, போர் முடிந்தபின் மக்களின் நாட்குறிப்புக்களும் கடிதங்களும் திரட்டப்படும் என்றார். ஒளிந்திருந்த சிறுமி அதனைக் கேட்டாள். மே 20இல் தன் நாட்குறிப்பு முழுவதையும் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். எழுதியவற்றைச் சுருக்கினாள், சிலவற்றை நீக்கினாள், உடனுறைந்தோருக்குப் புனைபெயர் வகுத்தாள், வரவிருக்கும் நூலுக்குப் பெயரும் சூட்டினாள். பிடிபடும்வரை ஏறத்தாழப் பதினொரு வாரங்களில் இருநூறுக்கு மேற்பட்ட தாள்களை எழுதி முடித்தாள். முதற்குறிப்பு, அவளே திருத்தியது, தந்தை தொகுத்தது ஆகிய மூன்றையும் 1986இல் ஒல்லாந்தின் போர் ஆவண நிறுவனம் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கவாறு பதிப்பித்தது. சங்க நூல்களுக்குப் பாடபேதம் பார்த்துப் பழகிய எமக்கு அத்தகைய பதிப்பின் பயன் சொல்லித் தெரியவேண்டியதன்று. பதினைந்து வயதுச் சிறுமி தன் பதின்மூன்று வயது எழுத்தை ஒரு பதிப்பாசிரியரின் கண்கொண்டு பார்த்துத் திருத்தும் காட்சியை அங்கே காண்கின்றோம். தன் எழுத்துக்கு வாசகர் இருப்பர், அதனைத் திரட்ட ஒரு நிறுவனம் இருக்கும் என்ற செய்தி கிடைத்ததும் அவள் செய்தது வேலை. அவளது நம்பிக்கையை அவ்வேலையிற் காணவேண்டுமேயன்றி ஒரு வாக்கியத்தில் அன்று.

ஒன்றை இங்கு மறந்துவிடலாகாது. ஒளிந்து வாழ்வதற்கும் வசதி வேண்டும். தந்தைக்குச் சொந்தமாக ஒரு வணிக நிலையமும், உணவும் நூல்களும் கொண்டுவந்து கொடுக்கத் துணிந்த ஊழியரும் இருந்தமையாலேயே அந்த ஈராண்டுக் காலம் கிடைத்தது. அம்ஸ்டர்டாமின் ஏழை யூதக் குடும்பங்களுக்கு அத்தகைய பின்கட்டு எங்கே? ஒல்லாந்திலிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் நாலில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டனர். இதனைக் கூறுவது சிறுமியின் பெருமையைக் குறைப்பதற்கன்று. தனிமைக்கும் வர்க்கம் உண்டு என்பதை அவள் நூலின் பக்கத்தில் இன்னொரு நூலை வைத்துப் பார்த்தாற்றான் உணரமுடியும்.

அந்நூல் டாவிட் சியெரகோவியாக் என்பவனுடையது. போலந்தின் லொட்ஸ் என்னும் நெசவாலை நகரிற் பிறந்தவன். 1939 ஜூன் மாத இறுதியில், பதினைந்து வயது நிரம்புமுன், எழுதத் தொடங்கினான். 1940 மே மாதத் தொடக்கத்தில் நகரின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 1,60,000 யூதர் அடைக்கப்பட்டு வழிகள் மூடப்பட்டன. அவனுக்கு ஒளிவிடம் இல்லை. உதவும் ஊழியர் இல்லை. அவன் மார்க்சியச் சார்புடையவன். பாடசாலையில் மாணவரைத் திரட்டியவன். தோல் வேலைப் பட்டறையில் உழைத்தவன். மாலையில் பிறருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சிறிது சம்பாதித்தவன். மொழிகள் கற்பதில் அடங்காத ஆர்வங் கொண்டவன். எமது வாசகருக்கு ஆன் பிராங்கிலும் இவனே நெருங்கியவனாயிருத்தல் வேண்டும். ஆயினும் இவன் பெயரை அறிந்தோர் மிகச் சிலர்.

காரணம் வெளிப்படை. இவனது குறிப்புக்களிலிருந்து சுவரில் ஒட்டத்தக்க ஒரு வாக்கியத்தையும் பெயர்த்தெடுக்க முடியாது. பாண் எத்தனை கிராம், சூப்பு எத்தனை கரண்டி, உருளைக்கிழங்கு என்ன விலை, போர்முனையிலிருந்து என்ன வதந்தி என்பவையே பக்கம் பக்கமாக வருகின்றன. தந்தை தம் பங்கை உண்டபின் பிள்ளைகளின் பங்கிலும் கைவைத்ததை மகன் மறைக்கவில்லை. 1942 செப்டெம்பரில், வேலைக்கு உதவாதவர் என்று கணிக்கப்பட்ட தாய் கொண்டுசெல்லப்பட்டதை எழுதும் பக்கங்களே நூலின் உச்சம். அங்கும் அவன் தன் கண் கண்டதையன்றி அலங்காரமாக ஒன்றும் சொல்லவில்லை. பசி மிகுந்த நாட்களிற் படிக்க முடியவில்லை, சிந்திக்க முடியவில்லை என்று அவன் குறிப்பது அடிக்கடி வருகின்றது. துன்பம் கலையை வளர்க்கும் என்று சொல்லித் திரியும் எமது கவிஞர்கள் இப்பக்கங்களைப் படித்தல் நலம். வயிறு வெறுமையாயிருந்தபோது இவனது இலத்தீன் பாடம் நின்றது. மேலதிகச் சூப்பு கிடைத்தபோது மீண்டும் தொடங்கியது. சிருஷ்டிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை எந்தச் சித்தாந்த நூலும் இத்துணைத் தெளிவாகக் காட்டியதில்லை என்போம்.

இவனிடமும் நம்பிக்கை உண்டு. சோவியத் நாட்டின்மீது ஜேர்மனி படையெடுத்த செய்தி வந்த 1941 ஜூனில் அவன் அடைந்த எழுச்சியைக் குறிப்புக்களிற் காண்கின்றோம். ஆனால் 1943 ஏப்ரிலில் முடிந்துபோகும் கடைசிப் பக்கங்களிற் பேசப்படும் எதிர்பார்ப்பு எது? பேக்கரி ஒன்றில் வேலை கிடைக்கக்கூடும் என்பது. பேக்கரியில் வேலை செய்பவனுக்குப் பாண் கிடைக்கும். உலகப் புரட்சியை எதிர்பார்த்தவன் பேக்கரி வேலையை எதிர்பார்ப்பவனாக மாறியதை வீழ்ச்சி என்று கூறும் விமர்சகர் எம்மிடையே இருப்பர். அவர்களோடு நாம் உடன்படோம். 1943 ஆகஸ்ட் 8இல் அவன் இறந்தபோது வயது பத்தொன்பது. போரின்பின் அவ்வீட்டின் அடுப்பருகே அவனது கொப்பிகள் அகப்பட்டன. அவற்றுட் சில அதற்குமுன் எரிபொருளாகியிருக்கலாம் என்பர், எஞ்சியவை ஐந்து.

மூன்றாவது தொகுதி ஒருவருடையதன்று. பிராக் நகருக்கு வடக்கே தெரெசின் என்னும் பழைய கோட்டை நகரத்தை 1941 இறுதியில் நாசிகள் யூதரை அடைக்கும் இடமாக்கினர். அங்கு ஒரு பாடசாலைக் கட்டடத்தின் ஒரே அறையில் பதின்மூன்று முதல் பதினைந்து வயதுவரையிலான சிறுவர் நாற்பதின்மர் அளவினர் நெருக்கமாக வாழ்ந்தனர். ஆள்கள் மாறிக்கொண்டேயிருந்தனர், வெற்றிடத்தைப் புதியவர் நிரப்பினர். அவர்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் வால்ட்டர் ஐசிங்கர் என்ற இளம் ஆசிரியர். சிறுவர்கள் 1942 டிசம்பர் முதல் 1944 இலையுதிர்காலம்வரை 'வெடெம்' என்னும் வார ஏட்டை நடத்தினர். முன்னே நடத்திச் செல்கின்றோம் என்பது அச்சொல்லின் பொருள். தொடக்கத்தில் தட்டச்சு, பின்னர் கையெழுத்து. ஒரே பிரதி. வெள்ளிக்கிழமை மாலைகளில் எல்லோருங் கூடியிருக்க அது உரத்து வாசிக்கப்பட்டது.

ஆசிரியராயிருந்த பெத்ர் கின்ஸ் 1928 பெப்ரவரி 1இற் பிறந்தவன். போதிய ஆக்கங்கள் வராத வாரங்களிற் புனைபெயர்களில் தானே எழுதிப் பக்கங்களை நிரப்பினான். சிறுசஞ்சிகை நடத்திய எவரும் இவ்விடத்திற் புன்னகை செய்யாதிருக்க முடியாது. ஏட்டின் உள்ளடக்கமோ வாசகர் எதிர்பார்க்கும் சோக கீதமன்று. நையாண்டி, சண்டை, விளையாட்டுச் செய்தி, படுக்கையை ஒழுங்காக வைத்திராதோருக்குக் கண்டனம், கவிதை, மொழிபெயர்ப்பு யாவும் உள. கின்ஸ் எழுதிய தொடரொன்று தெரெசினின் வெவ்வேறு இடங்களுக்குச் சென்று அவை இயங்கும் விதத்தை விவரிப்பது. பேக்கரிக்குப் போனான், தீயணைப்பு நிலையத்துக்குப் போனான், பிணஞ்சுடும் நிலையத்துக்கும் போனான். பேக்கரியை எவ்வாறு பார்த்தானோ அவ்வாறே அதனையும் பார்த்து எழுதினான். தன்னை அழிக்க வகுத்த ஒழுங்கையும் ஒரு நிருபனுக்குரிய ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்ட இச்செயலையே நாம் சிருஷ்டி என்று கூற விரும்புகின்றோம். அவன் வரைந்த சந்திரமண்டலக் காட்சியை மாத்திரம் உலகம் அறியும். இஸ்ரேலிய விண்வெளி வீரர் ஒருவர் அதன் பிரதியைக் கொண்டுசென்ற கொலம்பியா விண்கலம் 2003 பெப்ரவரி 1இல் சிதறியதே காரணம். அன்று அவனது எழுபத்தைந்தாவது பிறந்தநாள். விபத்தின் விந்தை இலக்கிய மதிப்பீடாகிவிட்டது. பிணஞ்சுடும் நிலையம் பற்றிய கட்டுரையோ விண்ணுக்குச் செல்லவில்லை.

அச்சிறுவர் தமது அறைக்கு 'ஷ்கித் குடியரசு' என்று பெயரிட்டனர். ஐசிங்கர் அவர்களுக்கு எடுத்துரைத்த ஒரு சோவியத் நூலின் பெயரே அது. பெத்ரோகிராட் நகரில் வீடற்ற சிறுவருக்கென அமைந்த பாடசாலையைப் பற்றி, அங்கு வளர்ந்த பெலிக், பந்தெலெயெவ் என்னும் இருவர் எழுதி 1927இல் வெளியிட்டது. ஆட்சிக்குழு, கொடி, கீதம் யாவும் அறைக்குள்ளே உண்டாயின. தனிமையிலிருந்த ஒருவனின் ஆத்மா மலர்ந்ததாக இதனைக் காண்போர் ஏமாறுவர். முறை வகுத்து வேலை பகிர்ந்துகொண்ட ஒரு கூட்டத்தின் படைப்பு இது.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் எமது அணிக்குப் பெருமை சேரும், உண்மைக்குச் சேராது. அந்நூலாசிரியருள் ஒருவரான பெலிக் சோவியத் ஆட்சியினாலேயே சிறையிடப்பட்டு 1938இற் சிறையாளியாக இறந்தார். சிறுவருள் ஒருவனால் மறைத்துக் காக்கப்பட்ட 'வெடெம்' ஏட்டின் ஏறத்தாழ எண்ணூறு பக்கங்களை நூலாக்க எடுத்த முயற்சி, செக்கொஸ்லவாக்கியாவிற் பொதுவுடைமைக் கட்சி ஆண்ட காலத்தில் நிறைவேறவில்லை. இரகசியத் தட்டச்சுப் பிரதியாகவே அது உலவிற்று. 1990களிலேதான் நூல் வெளிவந்தது. ஒரு சோவியத் நூலைக் கொண்டு தம் குடியரசை அமைத்த சிறுவரின் எழுத்துக்கு ஒரு சோசலிச நாட்டில் அச்சகம் கிடைக்கவில்லை. இதனை எமது எதிரிகள் கூறும்வரை நாம் காத்திருத்தல் தகாது.

நம்பிக்கையைக் காட்சியாக்குவது யாருக்குப் பயன்படும் என்பதற்கும் தெரெசினே சான்று. 1944 ஜூன் 23இற் செஞ்சிலுவைச் சங்கக் குழு அங்கு வந்தது. அதற்கு முன்னர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டது, பூச்செடிகள் நடப்பட்டன, நெரிசலைக் குறைப்பதற்காக ஆயிரக்கணக்கானோர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஹான்ஸ் கிராசா இயற்றிய 'புருண்டிபார்' என்னும் சிறுவர் இசைநாடகம் விருந்தினருக்கு நடித்துக் காட்டப்பட்டது. சிறுவர் ஒன்றுகூடிக் கொடியவனை வெல்லும் கதை அது. உள்ளிருந்தோருக்கு மெய்யாகவே தெம்பளித்தது. அதே நாடகத்தை நாசிகள் தமது பிரசாரப் படத்திலும் சேர்த்துக்கொண்டனர். அவ்வாண்டு முடியுமுன் நடித்தோரிற் பலர் உயிருடன் இல்லை. கின்ஸ் செப்டெம்பர் இறுதியில் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டான். ஐசிங்கர் 1945இல் உயிரிழந்தார்.

இன்று தெரெசினின் அடையாளமாக வழங்குவது வண்ணத்துப்பூச்சி. பாவெல் பிரீட்மான் என்ற இளைஞன் 1942 ஜூனில் அங்கு எழுதிய கவிதையே அதன் மூலம். பல நாடுகளிற் பாடசாலைப் பிள்ளைகள் அதனைப் படித்து வண்ணக் காகிதங்களில் வண்ணத்துப்பூச்சி வெட்டி ஒட்டுகின்றனர். கவிதையின் பொருளோ வண்ணத்துப்பூச்சிகள் அவ்விடத்தில் இல்லை என்பது. இல்லாத ஒன்றை எழுதிவைத்தவனுக்கு நாம் அதனையே ஆயிரக்கணக்கிற் செய்து பதிலளிக்கின்றோம்! அங்கு சிறுவருக்குச் சித்திரங் கற்பித்த பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் அம்மையாரின் முறை வேறு. வியன்னாவிற் பொதுவுடைமைவாதியெனச் சிறைப்பட்டவர் அவர். அவர் மாணாக்கரிடம் அழகிய நம்பிக்கைச் சித்திரம் கேட்கவில்லை. கோடு, நிறம், அமைப்பு ஆகியவற்றைப் பயிற்றினார். ஒவ்வொரு தாளிலும் வரைந்தவர் பெயரை எழுதச் செய்தார். ஏறத்தாழ 4,500 தாள்கள் எஞ்சின. பெயர் எழுதியிருந்தமையாலேயே இன்று அவை யாருடையவை என அறிய முடிகின்றது.

நம்பிக்கையைக் கோருவதற்குப் பதிலாக இனி விரக்தியைக் கோருவோம் என்பது எமது வாதமன்று. அதுவும் வாசகனின் சுவைக்காக எழுதுவோனை வளைப்பதே. பட்டினியைப் பார்த்து இரசிக்கும் ஒரு கூட்டமும் இலக்கிய உலகில் உண்டு. இளைஞன் ஒருவன் அடைபட்ட காலத்தை எழுதும்போது, அவன் என்ன முடிவுக்கு வருகின்றான் என்பதிலும் பார்க்க, எதைப் பார்த்தான், எதை உண்டான், யாருக்காக எழுதினான், யார் கூட இருந்தனர் என்பவற்றையே விமர்சகன் முதலிற் கேட்டல் வேண்டும். ஆசிரியனுக்கும் இது பொருந்தும்.

எமது மாணவியின் கட்டுரைக்கு வருவோம். அதில் உவமை இல்லை, பழமொழி இல்லை, முடிவுரை இல்லை. திகதிகள் இருந்தன. எழுதாமல் விடப்பட்ட இடங்கள் இருந்தன. ஒரு திகதிக்கு எதிரே, பக்கத்து வீட்டார் கொடுத்த பலாக்காய் என்றிருந்தது நினைவிருக்கின்றது. சியெரகோவியாக்கைப் படித்தபின் அதனை மீண்டும் படிக்க விரும்பினோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் அவள் பாடசாலைக்கு வரவில்லை, கொப்பியும் அவளிடமே. அதில் எமது குறிப்பின் கீழே எமது கையெழுத்தும், இருபதுக்கு ஏழு என்ற புள்ளியும் உள்ளன.